எஃப்டி போடப் போன அப்பா பாலிசியோட திரும்பி வந்தார், இதுக்குப் பேர் என்ன?

மழைக்காக்கா:
மக்களே கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. அப்பா போன வருஷம் ரிட்டயர்டு ஆனார். கைக்கு வந்த காசுல 8 லட்சத்தை எஃப்டியா போடலாம்னு மூணு வாரம் முன்னாடி பேங்குக்குப் போனார், எந்த பேங்குன்னு இங்க சொல்லல, 20 வருஷமா அங்கதான் கணக்கு. காலைல 11 மணிக்குப் போனவர் மதியம் ரெண்டு மணிக்கு வந்தார். கைல ஒரு டைரி, ஒரு காலண்டர். 6 லட்சம் எஃப்டி, மிச்சம் ரெண்டு லட்சத்தை "அதைவிட நல்லதா ஒண்ணுல" போட்டுட்டேன்னார். நானும் விட்டுட்டேன். போன திங்கக்கிழமை கூரியர்ல பாண்ட் வந்துச்சு, பிரிச்சுப் பார்த்தா லைஃப் இன்சூரன்ஸ். வருஷத்துக்கு 2 லட்சம், 10 வருஷம் கட்டணும். அப்பாவுக்கு வயசு 61. பென்ஷன்ல வீட்டுச்செலவு போக என்ன மிஞ்சும்னு எனக்குத் தெரியும்.

சரி ஏமாத்திட்டாங்கன்னு கோவம் வந்துச்சு. ஆனா எனக்கு தலை சுத்துறது அதுல இல்ல. அப்பா அந்த பாலிசிக்காக என்கூட சண்டை போடுறார்! "என்னை யாரும் ஏமாத்தல, நானா யோசிச்சு போட்டது, அந்தப் பொண்ணு அவசரமே படுத்தல, காபி குடிச்சுட்டு நிதானமா யோசிங்க சார்னுதான் சொல்லுச்சு"ங்கிறார். 10 வருஷம் கட்டணுமேன்னா "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்". நான் பேசப்பேச அவர் இன்னும் இறுகுறார். வாழ்க்கைல வெண்டைக்காய்க்குக் கூட நாலு கடை ஏறி இறங்குற மனுஷன்.

இது சேல்ஸா, மூளைச்சலவையா, இல்ல இதுக்கு வேற பேர் இருக்கா? பெர்சுவேஷன்னு, அதாவது ஆளைப் பேசி இணங்க வைக்கிறது, ஒரு சப்ஜெக்டே இருக்காமே, யாராச்சும் புரியிற மாதிரி சொல்லுங்க. அதைவிட முக்கியம், அப்பா மனசை எப்படி மாத்துறது.

மெடிக்கல்பேக்:
மொதல்ல காரியத்தைப் பாருங்க, தத்துவம் அப்புறம். பாண்ட் கைக்கு வந்த தேதியிலிருந்து 30 நாள் ஃப்ரீ லுக்னு ஒண்ணு இருக்குதுங்க. அதுக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்தா ஸ்டாம்ப் டியூட்டி, அத்தனை நாள் கவரேஜுக்கான சின்ன தொகை, மெடிக்கல் டெஸ்ட் எடுத்திருந்தா அந்த செலவு இதெல்லாம் புடிச்சுட்டு மீதியைத் திருப்பித் தரணும். முன்னாடி 15 நாள்தான் இருந்துச்சு, 2024ல 30 ஆக்கிட்டாங்க. கூரியர் கவரைத் தூக்கிப் போட்றாதீங்க, அதுல தேதி இருக்கும். ஆனா கையெழுத்து உங்கப்பாதான் போடோணும், உங்க கையெழுத்து செல்லாது.

நான் கோயமுத்தூர்ல 14 வருஷமா மெடிக்கல் ரெப்பு. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க, அந்தப் பொண்ணு "நிதானமா யோசிங்க"ன்னு சொன்னது பாருங்க, அதுதான் தொழில் தெரிஞ்ச ஆள். புதுசா வர்ற பசங்கதான் அவசரப்படுத்துவாங்க.

பாப்கார்ன்பாண்டி:
பாஸ் இதெல்லாம் ஆழ்மனசு மேட்டர். அமெரிக்கால ஒரு தியேட்டர்ல படம் ஓடும்போது நடுவுல கண்ணுக்கே தெரியாத வேகத்துல "பாப்கார்ன் சாப்பிடு" "கோலா குடி"ன்னு எழுத்து காட்டுனாங்க, சேல்ஸ் எகிறிடுச்சு. நமக்கே தெரியாம நம்மள ஆட்டி வைக்கிறாங்க. பேங்க் சுவர்ல இருக்கிற போஸ்டர் கலர் கூட அப்படித்தான்.

அரைகுறை சைக்காலஜி:
பாண்டி அண்ணா உங்க பேருக்கேத்த கதைதான், ஆனா அது டுபாக்கூர் 😀 ஜேம்ஸ் விகாரின்னு ஒரு மார்க்கெட் ரிசர்ச் ஆளு 1957ல சொன்னது. நியூஜெர்சில ஒரு தியேட்டர், ஆறு வாரம், 45,699 பேர், பாப்கார்ன் 57 சதவீதம் கூடிடுச்சுன்னு புள்ளிவிவரமெல்லாம் குடுத்தார். ஊரே பயந்துடுச்சு. மத்தவங்க செஞ்சு பார்த்தா ஒண்ணும் வரல, கடைசில 1962ல அவரே ஒரு பேட்டில கிட்டத்தட்ட ஒத்துக்கிட்டார், நொடிச்சுக்கிட்டு இருந்த கம்பெனிக்காகப் பண்ணதுன்னு. ஆனா பாருங்க, 60 வருஷம் தாண்டியும் கதை உசுரோட இருக்கு. தியேட்டர் சோதனை வேலை செய்யல, அதைப் பத்தின கதை மட்டும் சூப்பரா வேலை செஞ்சிருக்கு. 45,699னு அந்த கடைசி 9 வரைக்கும் சொன்னாரே, அதுதான் நம்ப வச்சது.

காக்கா ப்ரோ, நான் எம்எஸ்சி சைக்காலஜி பாதில விட்ட கேஸு, அதனால பேரு இப்படி. உங்க அப்பாகிட்ட நடந்ததை வரிசையா சொல்லுங்க. உள்ள போனதும் என்ன, அப்புறம் என்ன. கடைசில என்ன பேசினாங்கங்கிறதை விட முதல் அரைமணி நேரம் முக்கியம்.

மழைக்காக்கா:
கேட்டுட்டு வந்தேன். முதல்ல எஃப்டி ஃபாரம் குடுத்திருக்காங்க. அப்புறம் மேடம் வந்து "சார் ரிட்டயர்டு ஆயிட்டீங்களா வாழ்த்துக்கள், உள்ள வாங்க"ன்னு கேபினுக்குக் கூட்டிட்டுப் போய் காபி. டைரி, காலண்டர் அப்பவே கைக்கு வந்துடுச்சு. அப்புறம் "சார் உங்களுக்கு சேஃப்டி முக்கியமா ரிஸ்க் எடுப்பீங்களா"ன்னு கேட்டுச்சாம், இவர் சேஃப்டின்னார். "பேரப்புள்ளைங்க படிப்புக்கு ஏதாச்சும் செய்யணும்னு நெனப்பு இருக்கா சார்", ஆமான்னார். ஒரு பேப்பர்ல என்னென்ன ஆசைன்னு இவரையே எழுதச் சொல்லியிருக்கு. அந்தப் பேப்பர் இப்பவும் பாண்டுக்குள்ள இருக்கு, அப்பா கையெழுத்துல "பேரன் காலேஜ் படிப்பு" "கோயிலுக்கு மாசாமாசம்" அப்படின்னு. பார்த்ததும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு கம்பெனிலேர்ந்து போன் வந்துச்சாம், புரிஞ்சுதா சார்னு ஒவ்வொண்ணா கேட்டாங்களாம், எல்லாத்துக்கும் யெஸ் யெஸ்னு சொன்னாராம். மேடம் அப்படித்தான் சொல்லச் சொல்லுச்சாம்.

அரைகுறை சைக்காலஜி:
ப்ரோ இது பாடப்புத்தகம்.

காபி, டைரி பத்தி ஒண்ணு. 1971ல டென்னிஸ் ரீகன்னு ஒருத்தர் பண்ண ஆய்வு, கூட உக்காந்திருக்கிற ஆளு நடுவுல வெளிய போய் வரும்போது உங்களுக்கும் சேர்த்து ஒரு கோலா வாங்கிட்டு வர்றான், நீங்க கேக்கவே இல்ல. அப்புறம் கிளம்புற நேரத்துல லாட்டரி டிக்கெட் மாதிரி ஒண்ணை வித்து உதவச் சொல்றான். கோலா வாங்கினவங்க வாங்காதவங்களை விட ரெண்டு மடங்கு கிட்ட டிக்கெட் எடுத்தாங்க. இதுல சுவாரசியம் என்னன்னா, சும்மா இருந்தவங்க கூட்டத்துல ஆளைப் பிடிச்சிருந்தாதான் நிறைய எடுத்தாங்க, கோலா குடிச்ச கூட்டத்துல ஆளைப் பிடிக்கலன்னாலும் எடுத்தாங்க. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு நம்மளுக்கு வேற சின்னதுலேர்ந்து சொல்லி வளர்த்திருக்காங்க, கேக்கணுமா.

அடுத்து அந்தச் சின்னச்சின்ன ஆமாம். 1966, கலிஃபோர்னியா, ஃப்ரீட்மன், ஃப்ரேசர்னு ரெண்டு பேர். வீட்டு முன்னாடி "ஜாக்கிரதையா வண்டி ஓட்டுங்க"ன்னு வீட்டையே மறைக்கிற அசிங்கமான பெரிய பலகை வைக்கலாமான்னு நேரா கேட்டா 17 சதவீதம் பேர்தான் சரின்னாங்க. ஆனா ரெண்டு வாரம் முன்னாடி இதே விஷயத்துக்கு ஒரு சின்ன ஸ்டிக்கர் அளவு அட்டையை ஒட்டச் சொல்லி அதை ஒத்துக்கிட்டவங்ககிட்ட போய் கேட்டா 76 சதவீதம். நடுவுல யாரும் அவங்களுக்கு லெக்சர் எடுக்கல. "நான் இந்த மாதிரி விஷயத்துல அக்கறை உள்ள ஆளு"ன்னு அவங்களே அவங்களைப் பத்தி முடிவு பண்ணிக்கிட்டாங்க அவ்ளோதான். உங்கப்பா "நான் பேரனுக்கு செய்யற தாத்தா"ன்னு எழுதிக் குடுத்துட்டார், அதுக்கப்புறம் வந்த பேப்பருக்கு எப்படி இல்லன்னு சொல்வார்?

மழைக்காக்கா:
சரி, ஆனா இப்ப உண்மை தெரிஞ்சும் ஏன் அதுக்கு வக்காலத்து வாங்குறார்? அதுதான் புரியல.

அரைகுறை சைக்காலஜி:
அதுக்கும் ஒண்ணு இருக்கு, 1959, ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித். ஸ்டான்ஃபோர்டு பசங்களை ஒரு மணி நேரம் செம போர் வேலை செய்ய விட்டாங்க, தட்டுல நூல்கண்டு அடுக்கு, எடு, திருப்பி அடுக்கு, அப்புறம் பலகைல இருக்கிற மரக்குச்சியை கால்வட்டம் கால்வட்டமா திருப்பிக்கிட்டே இரு. முடிஞ்சதும் வெளிய காத்திருக்கிற பொண்ணுகிட்ட போய் "வேலை ஜாலியா இருந்துச்சு"ன்னு பொய் சொல்லச் சொன்னாங்க. சில பேருக்கு 20 டாலர், சில பேருக்கு 1 டாலர். அப்புறம் நெஜமா எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, 20 வாங்கினவன் போர்னுட்டான், ஒரு டாலர் வாங்கினவன் நல்லாதான் இருந்துச்சுங்கிறான்! ஏன்னா 20 வாங்கினவனுக்கு பொய்க்கு காரணம் இருக்கு, காசு. ஒரு டாலருக்காக பொய் சொன்னேன்னு எவனால ஒத்துக்க முடியும், அதனால வேலையே நல்ல வேலைன்னு மனசை மாத்திக்கிட்டான்.

அப்பாவை யாராச்சும் மிரட்டி கையெழுத்து வாங்கியிருந்தா இந்நேரம் அவரே பேங்க்ல போய் கத்தியிருப்பார். அவசரப்படுத்தல, காபி குடுத்தாங்க, யோசிக்கச் சொன்னாங்க. அப்ப முடிவு யாரோடது? அவரோடது. பாலிசி தப்புன்னா தான் தப்பு, 61 வயசுல அது எவ்ளோ பெரிய விஷயம். மெடிக்கல்பேக் அண்ணா சொன்னதுக்கு விளக்கம் இதுதான்.

கணக்குவாத்தி:
இளைஞர்கள் நல்லா எழுதுறீங்க. நான் ரிட்டயர்டு வாத்தியார், கணக்கு எடுத்தாலும் படிச்சதெல்லாம் சரித்திரம்தான். தம்பி மூளைச்சலவைன்னு ஒரு வார்த்தை போட்டீங்களே, அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்துச்சு தெரியுமா? 1950ல எட்வர்ட் ஹன்டர்ங்கிற அமெரிக்க பத்திரிகைக்காரர் சீனாவைப் பத்தி எழுதும்போது பரவினது. அடுத்து கொரியா யுத்தம். சீனர்கள் நடத்தின கைதி முகாம்ல இருந்த அமெரிக்க சிப்பாய்ங்க தன் நாட்டையே குறை சொல்லி ரேடியோல பேச ஆரம்பிச்சாங்க, யுத்தம் முடிஞ்சும் 21 பேர் ஊருக்குத் திரும்ப மாட்டேன்னுட்டாங்க. அமெரிக்கா ஆடிப்போச்சு. மருந்து குடுத்தாங்களா, மந்திரமான்னு.

அப்புறம் திரும்பி வந்தவங்களை உக்கார வச்சு விசாரிச்சா, பட்டினி, தூங்க விடாம பண்றது, தனியா பிரிச்சு வைக்கிறது எல்லாம் இருந்ததுதான், அதை மறைக்கக் கூடாது, ஆனா கூடவே ஒண்ணு இருந்துச்சு. "அமெரிக்கா எல்லா விதத்திலயும் குறையே இல்லாத நாடு இல்ல"ன்னு ஒரு வரி, யார்தான் மறுப்பாங்க? அதை எழுது. சரி என்னென்ன குறைன்னு எழுது. அதை மத்த கைதிங்க முன்னாடி வாசி. கட்டுரைப் போட்டி வேற நடத்தினாங்க, பரிசு என்ன தெரியுமா, நாலு சிகரெட்டு, கொஞ்சம் பழம். ஏன் நல்ல கம்பளி குடுக்கல? பெரிய பரிசு குடுத்தா பரிசுக்காக எழுதினேன்னு தப்பிச்சுக்குவான். நம்ம சைக்காலஜி பொண்ணு சொன்ன ஒரு டாலர் கதை அதேதான், முகாம்ல முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாங்க.

தம்பி உங்கப்பா கையெழுத்துல இருக்கிற அந்தப் பேப்பரைப் பத்தி படிச்சதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. பேங்க் மேடத்தை முகாம் அதிகாரியோட ஒப்பிடுறேன்னு நெனச்சுக்காதீங்க. ஆளும் நோக்கமும் வேற, ஆனா பேனா ஒண்ணுதான்.

வடலி:
நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோவில இருக்கிறன். ஒரு சொல்லுப் பிரச்சினை கேக்கிறன். நீங்கள் தமிழ்நாட்டில தேர்தலுக்குச் செய்யிறதும் பிரச்சாரம், கிறிஸ்தவச் சபைக்காரர் செய்யிறதும் பிரச்சாரம், போலியோ சொட்டுமருந்துக்கும் பிரச்சாரம், கோயபல்ஸ் செய்ததும் பிரச்சாரம். நாங்கள் கூடுதலா பரப்புரை எண்டுதான் சொல்லுவம், ஆனா அதிலயும் நல்லது கெட்டது எண்ட பிரிவு இல்லை. ஆங்கிலத்தில மட்டும் ப்ரொபகாண்டா எண்டா வசவு. அப்ப தமிழில யோசிக்கிற ஆளுக்கு இந்த வித்தியாசமே வராதோ? பெர்சுவேஷனுக்கு எங்கட அம்மம்மா "ஆளைக் கதைச்சு வழிக்குக் கொண்டு வாறது" எண்டுவா. வழி ஆற்ர வழி எண்டதுதான் கேள்வி.

கணக்குவாத்தி:
அருமையான கேள்வி வடலி. ஆனா அந்த வார்த்தை அங்கேயும் பிறக்கும்போது வசவு இல்ல. 1622ல போப் பதினைந்தாம் கிரகோரி மதம் பரப்ப ஒரு சபை ஏற்படுத்தினார், அதோட லத்தீன் பேர்லேர்ந்து வந்தது, பரப்புறதுன்னுதான் அர்த்தம், உங்க பரப்புரை நேர் சொல். கெட்ட பேர் வந்தது முதல் உலக யுத்தத்துல. அமெரிக்க ஜனாதிபதி வில்சன் 1916ல ஜெயிச்சதே "நம்மளை யுத்தத்துக்குள்ள விடாம காப்பாத்தினவர்"ங்கிற கோஷத்துல. அடுத்த ஏப்ரல்ல யுத்தத்துல குதிச்சாச்சு. இப்ப ஜனங்களைத் திருப்பணுமே! ஜார்ஜ் கிரீல் தலைமைல ஒரு கமிட்டி போட்டாங்க. அப்பல்லாம் சினிமா தியேட்டர்ல ரீல் மாத்த நாலு நிமிஷம் ஆகும்ல, அந்த கேப்புல எழுந்து பேச 75,000 பேர். ஆபீசர் கிடையாது, உள்ளூர் வக்கீல், கடைக்காரர், பேங்க் ஆளு, உங்க தெருவுல உங்களுக்குத் தெரிஞ்ச மனுஷன். அரசாங்கம் எழுதி அனுப்புற குறிப்பை வச்சு சொந்தப் பேச்சு மாதிரி பேசுவார்.

அந்தக் கமிட்டில வேலை பார்த்தவர்தான் எட்வர்ட் பெர்னேஸ், மனோதத்துவ மேதை ஃப்ராய்டுக்கு மருமகன் முறை, அக்கா தங்கச்சி பிள்ளை. யுத்தம் முடிஞ்சதும் இதே வேலையை அமைதிக் காலத்துல செஞ்சா என்னன்னு யோசிச்சார், ஆனா ஜெர்மன்காரன் பயன்படுத்தி அந்த வார்த்தைக்குக் கெட்ட பேர் வந்துடுச்சுன்னு பப்ளிக் ரிலேஷன்ஸ்னு புதுப் பேர் வச்சார். இதை அவரே பின்னாடி சொல்லியிருக்கார். சரக்கு அதே சரக்கு, பாட்டில் வேற. 1929 ஈஸ்டர் அன்னிக்கு நியூயார்க் ஃபிஃப்த் அவென்யூ ஊர்வலத்துல சில பெண்களை சிகரெட் பத்த வச்சு நடக்க விட்டார், "சுதந்திரத் தீப்பந்தங்கள்"னு பேர். பெண் விடுதலைப் போராட்டம்னு பேப்பர்ல வந்துச்சு. பின்னாடி இருந்தது லக்கி ஸ்டிரைக் விக்கிற அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. ஒரே நாள்ல அமெரிக்கப் பெண்களை சிகரெட் பிடிக்க வச்சவர்!

மெடிக்கல்பேக்:
வாத்தியாரய்யா கோவிச்சுக்காதீங்க, கடைசி வரியை மட்டும் ஒத்துக்க மாட்டேன். பெண்கள் சிகரெட் பிடிக்கிறது அதுக்குப் பத்து வருஷம் முன்னாலிருந்தே ஏறிட்டுதான் இருந்துச்சு. ஒரே நாள்ல மாத்துனேங்கிறது பெரும்பாலும் பெர்னேஸே சொல்லிச் சொல்லி வளர்த்த கதை. 103 வயசு வரைக்கும் இருந்த மனுஷன், கூட வேலை செஞ்சவங்கெல்லாம் போய்ச் சேர்ந்தப்புறமும் பேட்டி குடுத்துட்டு இருந்தார், மறுக்க யார் இருக்கா. எங்க ஃபீல்டுலயும் பாக்கறேனே, மழை சீசன்ல ஆன்டிபயாடிக் தானா ஓடும், ஏரியா மேனேஜர் மீட்டிங்ல எந்திரிச்சு என் ஸ்ட்ராட்டஜிங்குவார். விக்கிறவன் மொதல்ல விக்கிறது தன்னோட திறமையைத்தான். நம்ம பாப்கார்ன் விகாரி மாதிரியேதான்.

பாப்கார்ன்பாண்டி:
என்னை ஏண்டா திருப்பி இழுக்கிறீங்க 😭

கணக்குவாத்தி:
ஒத்துக்கிறேன் மெடிக்கல்பேக். அடிச்சு விட்டுட்டேன். நானே ரொம்ப வருஷமா கிளாஸ்ல இந்தக் கதையைச் சொல்லியிருக்கேன், அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும், ஒரு பொய்யை அடிக்கடி கேட்டா உண்மை மாதிரி தோணும்னு 1977லயே ஆய்வு இருக்கு, நமக்கு நாமே சொன்னாலும் அதே விளைவு போல.

நாலாம்நம்பர்பஸ்:
எல்லாம் சரி, "நாம் இருவர் நமக்கு இருவர்" குடும்பக்கட்டுப்பாடு சிவப்பு முக்கோணம் சுவத்துல பார்த்து வளர்ந்தவன் நான். அது எந்த லிஸ்டுல வரும்? கவர்மெண்ட் காசு, திரும்பத்திரும்ப அதே வரி, அதே படம், சந்தோஷமா சிரிக்கிற குடும்பம். ப்ரொபகாண்டாக்கு சொல்ற எல்லா லட்சணமும் இருக்கு. ஆனா எங்க அம்மா அதைப் பார்த்துதான் ஆஸ்பத்திரிக்கு தானா போனாங்க, நன்றியோடதான் பேசுவாங்க. அதே திட்டம் எமர்ஜென்சில வடக்க ஆளைப் பிடிச்சுட்டுப் போய் ஆபரேஷன் பண்ணுச்சு. சுவத்துல இருந்த முக்கோணம் மாறவே இல்ல. அப்ப கோடு எங்க இருக்கு? பேசி சம்மதிக்க வைக்கிற வரைக்கும் ஓகே, முடியாதுன்னு சொன்னா விட்ரணும்ங்கிறதா? (பை த வே வெண்டைக்காய் எங்க ஊர்ல கிலோ 80, நாலு கடை ஏறினாலும் குறையாது.)

மட்டுறுத்துனர்:
எமர்ஜென்சி பத்தி தனி இழை இருக்கு, கட்சிச் சண்டையை அங்க வச்சுக்கோங்க. இங்க ரெண்டு பின்னூட்டம் நீக்கியாச்சு. வெண்டைக்காய்க்கு இழை இல்ல.

வடலி:
பஸ் அண்ணா கேட்ட கோடு பற்றி நான் நினைக்கிறதைச் சொல்லுறன். சிவப்பு முக்கோணத்துக்குப் பின்னால அரசாங்கம் இருக்குது எண்டு எல்லாருக்கும் தெரியும். ஈஸ்டர் ஊர்வலத்துக்குப் பின்னால சிகரெட் கொம்பனி இருந்தது ஒருத்தருக்கும் தெரியாது. தியேட்டரில எழும்பிக் கதைச்ச வக்கீல் அரசாங்கத்தின்ர ஆள் எண்டது தெரிஞ்சது, ஆனா தன்ர சொந்த வாயால கதைக்கிற மாதிரி இருந்தது, அது நடுவில. எனக்கென்னவோ பொய்யோ உண்மையோ எண்டதை விட, காசு எங்க இருந்து வருது, ஆருக்குப் போகுது எண்டதை ஒளிக்கினமோ இல்லையோ எண்டதுதான் முக்கியமாப் படுது. உண்மையை மட்டும் சொல்லியும் ஏமாத்தலாம். காக்கான்ர அப்பாவுக்கு அந்த மேடம் தனக்கு இதில எவ்வளவு கமிஷன், இந்த மாதம் எத்தினை பாலிசி விக்க வேணும் எண்டு சொன்னவாவோ?

இன்னொரு கதை. 1943 செப்டம்பரில கேட் ஸ்மித் எண்ட பாட்டுக்காரி அமெரிக்க வானொலியில காலமை 8 மணியில இருந்து அடுத்த நாள் விடியப்புறம் 2 மணி மட்டும் திரும்பத் திரும்ப வந்து யுத்தப் பத்திரம், அதாவது யுத்தச் செலவுக்கு அரசாங்கம் சனத்திட்டக் கடன் வாங்கிற பத்திரம், வாங்கச் சொல்லிக் கேட்டவா. ஒரே நாளில 3 கோடி 90 லட்சம் டொலருக்கு வாக்குக் குடுத்திச்சினம். ரொபர்ட் மெர்ட்டன் எண்ட சமூகவியலாளர் வாங்கின ஆக்களைப் போய்க் கேட்டா, கன பேர் பத்திரத்தின்ர வட்டியைப் பற்றிக் கதைக்கேல்லை. "அவ எங்களுக்காகத் தொண்டை கட்டக் கட்டக் கதைக்கிறா, அவவுக்கு இதில ஒண்டும் வரப்போறேல்லை" எண்டுதான் சொல்லிச்சினம். தனக்கு லாபமில்லாத ஆள் எண்டு நம்பினாச் சனம் உருகிப்போகும். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் எண்டது சும்மாவோ. ஆனா கரைக்கிற ஆளுக்கு என்ன கிடைக்குது எண்டு பாக்கோணும்.

மெடிக்கல்பேக்:
வடலி சொன்னது நூத்துக்கு நூறுங்க. அந்தப் பொண்ணு "நீங்க எனக்கு அப்பா மாதிரி சார்"னு சொல்லியிருக்கும் பாருங்க, கேட்டுப் பாருங்க. பொய்யின்னும் சொல்ல முடியாது, அந்த நேரத்துக்கு அதுக்கும் அப்படித்தான் தோணும். நான் டாக்டர்களைப் பார்க்கப் போகையில அவங்க புள்ளைங்க பேர், எந்த காலேஜ் எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருப்பேன். மொதல் ரெண்டு வருஷம் அது டெக்னிக். பத்து வருஷம் கழிச்சு பாத்தா நெசமாவே அந்தப் புள்ளைக்கு சீட் கெடைச்சுதான்னு கவலையா இருக்குது. எங்க டெக்னிக் முடிஞ்சு எங்க பாசம் ஆரம்பிச்சுதுன்னு எனக்கே தெரியாது. 2024ல மருந்து கம்பெனி டாக்டருக்கு கிஃப்ட் குடுக்கக் கூடாதுன்னு அரசாங்கம் கோட் கொண்டு வந்துச்சு, ஒரு பேனாவுக்கு யாரய்யா மயங்குவாங்கன்னு சிரிச்சோம். மயங்க மாட்டாங்கன்னா கம்பெனி எதுக்கு அத்தனை வருஷம் பேர் அச்சடிச்சுக் குடுத்துது?

மழைக்காக்கா:
"அப்பா மாதிரி"ன்னு சொல்லுச்சாம் 🤦 கேட்டேன்.

ஐயா எல்லாம் புரியுது, இன்னும் 24 நாள்தான் இருக்கு. நேத்து நைட்டும் பேப்பர் பேனா எடுத்து கணக்கு போட்டுக் காட்டினேன், 10 வருஷம் கழிச்சு வர்ற தொகையை எஃப்டியோட ஒப்பிட்டு. "உனக்கு உன் வேலையைப் பார்க்கத் தெரியாது எனக்கு கணக்கு சொல்லித் தர்றியா"ன்னு எந்திரிச்சுப் போயிட்டார். அம்மா என்னைத்தான் திட்டுறாங்க. வழி சொல்லுங்க.

அரைகுறை சைக்காலஜி:
ப்ரோ நீங்க பண்றது லெக்சர். லெக்சருக்கு ரிசல்ட் என்னன்னு ஒரு பழைய ஆய்வு இருக்கு. இரண்டாம் உலகப்போர் சமயம், நல்ல கறியெல்லாம் பட்டாளத்துக்குப் போகுது, ஊர்ல இருக்கிறவங்க மாட்டு இதயம், சிறுநீரகம் இதெல்லாம் சமைச்சு சாப்பிடணும், அமெரிக்க வீட்டம்மாக்கள் மூக்கைப் பொத்துறாங்க. (நம்ம ஊர்ல ஈரலுக்கும் குடலுக்கும் ஞாயித்துக்கிழமை க்யூ நிக்கும், அது வேற.) கர்ட் லெவின்ங்கிறவர், நாஜி ஜெர்மனிலேர்ந்து தப்பி வந்த யூதர், ரெண்டு விதமா செஞ்சு பார்த்தார். சில குழுவுக்கு நல்லா தயார் பண்ண லெக்சர், வைட்டமின், நாட்டுப்பற்று, ரெசிப்பி பேப்பர் எல்லாம். சில குழுவுக்கு லெக்சர் இல்ல, "நம்மளை மாதிரி வீட்டம்மாக்கள் இதைச் செய்யணும்னா என்னென்ன சிக்கல் வரும்"னு அவங்களையே பேச விட்டார், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், வேகும்போது நாத்தம் வரும், இப்படி. கடைசில யார் செஞ்சு பார்க்கப் போறீங்கன்னு கை தூக்கச் சொன்னார். அப்புறம் விசாரிச்சா லெக்சர் கேட்டவங்க 3 சதவீதம் சமைச்சிருக்காங்க. பேசினவங்க 32. நேரம் ரெண்டுக்கும் ஒரே முக்கால் மணி.

அதனால எனக்கு ஐடியா: "அப்பா எனக்கும் இதே மாதிரி ஒண்ணு போடலாம்னு இருக்கு, கொஞ்சம் விளக்குங்க"ன்னு கேளுங்க. விளக்க ஆரம்பிச்சா அவரே பாண்டைப் படிச்சாகணும். படிச்சா அவரே கண்டுபிடிப்பார்.

வடலி:
தங்கச்சி நல்ல யோசனைதான், ஆனா இப்ப காக்கா செய்யப் போறது என்ன? நோக்கத்தை ஒளிச்சு வச்சுக் கதைக்கிறது. பெர்னேஸ் செய்தது அதுதானே. நான் போன பதிவில கீறின கோட்டை நீங்களே தாண்டுறியள்.

அரைகுறை சைக்காலஜி:
😶 அட ஆமால்ல. ஆனா மகன் அப்பாவோட நல்லதுக்குத்தானே?

வடலி:
எல்லாப் பரப்புரைக்காரரும் அப்பிடித்தான் சொல்லுறவை பிள்ளை.

மெடிக்கல்பேக்:
மனசாட்சி கெடக்கட்டும், தொழில்ரீதியாவே சொல்றேன், வேலைக்காகாது. அறுபது வயசு மனுஷனுக்கு மகன் நடிக்கிறது தெரியாமப் போகுமா. தெரிஞ்சா அப்புறம் உசுரே போனாலும் கையெழுத்துப் போட மாட்டார். அந்த பேங்க் புள்ளையையும் திட்டாதீங்க, திட்டுனா நீங்க திட்டுறது அவர் செலக்சனை.

மழைக்காக்கா:
அப்டேட். வேலை நெருக்கடில எழுத முடியல, பத்து நாள் ஆச்சு.

நடிக்க வரல எனக்கு. ஞாயித்துக்கிழமை மொட்டை மாடில அப்பா வடாம் காவல்ல இருந்தார், பக்கத்துல போய் உக்காந்தேன். உள்ளதைச் சொன்னேன். "அப்பா எனக்கு பயமா இருக்கு, அடுத்த வருஷம் ரெண்டு லட்சம் எங்கேயிருந்து வரும்னு எனக்குத் தெரியல, நான் சொன்னா லெக்சர் மாதிரி ஆயிடுது, நீங்களே பார்த்து என்ன செய்யலாம்னு சொல்லுங்க, கட்டலாம்னு சொன்னா நானும் பாதி போடுறேன்." அவ்ளோதான். ஒண்ணும் பேசல, காக்காய விரட்டிட்டு இருந்தார் (என்னை இல்ல, நெஜ காக்கா). நைட்டு பார்த்தா கண்ணாடி போட்டுட்டு பாண்டைப் பக்கம் பக்கமா படிக்கிறார், பென்ஷன் பாஸ்புக் பக்கத்துல. மறுநாளும். மூணாம் நாள் காலைல காபி குடிச்சுட்டே "அடுத்த வருஷம் வேணா சமாளிக்கலாம், அதுக்கடுத்த வருஷம் முடியாது"ன்னார். நான் வாயைத் திறக்கல, மெடிக்கல்பேக் அண்ணன் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் அவரா "என்னமோ முப்பது நாள்னியே அது என்ன"ன்னு கேட்டார்.

லெட்டரை நான் டைப் பண்ணித் தரேன்னேன், வேண்டாம்னு தானே கையால எழுதினார். ரெண்டு பேரும் போனோம். அந்தப் பொண்ணு முகம் வாடிடுச்சு, "சார் ஒரு தடவை யோசிங்களேன்"ன்னு காபி சொல்லுச்சு. எனக்கு பக்குன்னு இருந்துச்சு. அப்பா காபியை வாங்கிக் குடிச்சார், முழுசா, "நல்லா யோசிச்சுட்டேம்மா, என் பென்ஷனுக்கு இது தாங்காது"ன்னு லெட்டரை நீட்டினார். காப்பில சீல், தேதி, கையெழுத்து எல்லாம் வாங்கியாச்சு. வெளிய வந்து "பாவம் அந்தப் புள்ள, டார்கெட் இருக்கும்"ங்கிறார். அவர் ஏமாந்தார்னு இப்பவும் ஒத்துக்கல, "நிலைமை மாறிடுச்சு"ன்னுதான் சொல்றார், நானும் ஆமான்னுட்டேன்.

டைரியைத் திருப்பிக் குடுத்துடலாமான்னு கேட்டேன். முடியாதாம், பால் கணக்கு எழுத ஆரம்பிச்சாச்சாம்.

மெடிக்கல்பேக்:
சீல் போட்ட காப்பியை செராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க, கம்பெனிக்கு மெயிலும் ஒண்ணு தட்டி விடுங்க. ஆடி அசைஞ்சுதான் தருவாங்க, இழுத்தடிச்சா இன்சூரன்ஸ் புகாருக்குன்னு இருக்கிற பீமா பரோசா போர்ட்டல்ல கம்ப்ளைன்ட் போடலாம். காசு அக்கவுண்ட்ல ஏறுனதும் இங்க வந்து ஒரு வரி சொல்லுங்க.